அடிமட்டம்

தை மாத வினிபெக். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
படியில் பூட்ஸைத் தட்டி உப்பை உதிர்த்துவிட்டு
லூர்தெஸ் உள்ளே வருவாள், செவ்வாயும் வெள்ளியும்.
காரை அணைப்பதில்லை. அணைத்தால் திரும்ப உயிர் வராதாம்.
வாசலில் அது புகைவிட்டபடி நிற்கும்
வாடகை கேட்டு வந்தவர் மாதிரி.

பெயரைக் கேட்ட அன்றே அப்பா,
"லூர்து, நீ பேசாலையோ விடத்தல்தீவோ?" என்றார்.
ஊர் கேட்கிறார் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ,
"இலோயிலோ" என்றாள்.
அப்பா தலையாட்டினார்.
மன்னாருக்குப் பக்கத்தில் அப்படியும் ஓர் இடம்
இருக்கத்தானே வேண்டும்.

வாலெலும்பின் மேல் புண்.
என் பிழை, நான் பார்க்காமல் விட்டது என்றேன்.
கையுறையை இழுத்துக்கொண்டே அவள் சொன்னாள்:
"எலும்பு ஒரு பக்கம், மெத்தை ஒரு பக்கம், நடுவில் தோல்.
இதற்குள் நீ எங்கே வந்தாய்?"
மார்க்கமிலிருந்து அக்கா நாளுக்கு இரண்டு தரம் போன் எடுத்து
தேங்காயெண்ணெய் பூசினாயா என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

பையிலிருந்து ஒரு காகித அடிமட்டம் உரிப்பாள்.
ஒரு தரத்துக்கு ஒன்று, பிறகு குப்பைக்கு.
புண்ணருகே பிடித்து வாசிப்பாள். நான் எழுதுவேன்:
நான்கு தர மூன்று. ஆழம் ஒன்று.
சுவரைப் பார்த்துக் கிடக்கும் அப்பா
பின்பக்கமாய்க் கையை நீட்டுவார்.
"டிக்கெட்."

தலைமன்னார் மேடையில் இருபத்தாறு வருடம்
டிக்கெட் பார்த்த கை.
"அப்பா, இது வீடு" என்று நான் தொடங்கமுன்
அவள் இன்னொன்றை உரித்து
அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டாள்.
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பெருவிரல் நகத்தால் ஓரத்தில் ஒரு பள்ளம்.
"போகலாம்."
அன்று பழைய கட்டைப் பிரிக்கையில் அவர் முனகவில்லை.

தூக்காதே, உருட்டு என்றாள்.
விரிப்பை இரண்டாய் மடித்து அடியில் விடு,
உன் முதுகு உனக்கு வேண்டும்.
தொடமுன் சொல்: இப்போது தோள். இப்போது இடுப்பு.
துடைக்கும்போது ஒரு துவாய்
எந்நேரமும் அவர்மேல் கிடக்கட்டும்.
அந்தத் துவாய் எனக்கும் சேர்த்துத்தான் என்று
மாசி முடியத்தான் விளங்கியது.
ஐம்பத்திரண்டு வயதில் தகப்பனைக் குளிப்பாட்டுகிறவனுக்கும்
கண்ணை வைக்க ஓரிடம் வேண்டும்.

ஒருநாள் கோப்பை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.
"வெள்ளிக்கிழமையும் இந்தச் சட்டைதான்."
பஸ் டிப்போவில் இரவு வேலை, பகலில் அவர் என்று
ஏதோ சொன்னேன்.
சமையலறையில் நின்றபடியே யாருக்கோ போன் எடுத்தாள்.
இருபது நிமிடம் அவளைக் காத்திருக்க வைத்தார்கள். நின்றாள்.
வெளியே காரும் நின்றது.
அடுத்த வாரத்திலிருந்து
வியாழன் தோறும் ஆறு மணித்தியாலம் ஓர் ஆள்.
முதல் வியாழன் எங்கு போவதென்று தெரியவில்லை.
கடைத் தரிப்பிடத்தில் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு
வாய் திறந்தபடி தூங்கினேன்.

பங்குனி: இரண்டு தர ஒன்றரை.
வழியோரப் பனிக்குவியல் கறுத்து, குறுகி,
உள்ளிருந்து யாரோ தொலைத்த ஒற்றைக் கையுறை வெளியே வந்தது.
சித்திரையில் ஒரு செவ்வாய்
அடிமட்டத்தைப் பிடித்தவள் எண் எதுவும் சொல்லவில்லை.
"மூடிவிட்டது" என்றாள்.
புதுத்தோல், வெங்காயச் சருகு போல, இளஞ்சிவப்பு.
புண் ஆறினால் நேர்ஸ் வரமாட்டாள்.
அதுதான் சட்டம். வியாழன் ஆள் மட்டும் வரும்.

அன்றிரவு அப்பாவைப் புரட்டியபோது
டோர்ச் அடித்து அந்த இடத்தைத் தேடினேன்.
சின்னக் கீறலாவது,
ஒரு அரை சென்டிமீட்டராவது.
இதை அக்காவுக்குச் சொல்லவில்லை.

ஃபிரிட்ஜின் மேல் ஒரு கட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள்.
காகித அடிமட்டம், உறை பிரிக்காதது.
இரவு இரண்டரைக்குக் கை நீண்டது.
ஒன்றை உரித்துக் கொடுத்தேன்.
"ஆருக்கு?"
எனக்கு என்றேன்.
நகத்தால் பள்ளம் வைத்துத் திருப்பித் தந்தார்.
"ரயில் பிந்தும், தம்பி. இரும்."

கட்டில் ஓரத்தில் இருந்தேன்.
நாலு மணிக்கு மற்றப் பக்கம் புரட்ட வேண்டும்.